மின் பம்புசெட்டைக் காற்றுக் கசிவின்றிப் பொருத்துவோம்

(குறுவைப் பருவத்திற்கு முன்பாக உழவர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



நான் உழவியல் ஆசிரியர். நெல்லுக்கு எவ்வளவு தழைச்சத்து இடுவது, களையை எந்த நாளில் எடுப்பது என்று பேசுவதே என் வேலை. இன்று மோட்டாரையும் பைப்பையும் பற்றிப் பேச வந்திருக்கிறேனே என்று உங்களில் சிலர் வியக்கலாம். அதற்குக் காரணம் ஒரு நாற்றங்கால்.

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12 என்பதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எல்லா ஆண்டும் அந்த நாளில் தண்ணீர் வருவதில்லை என்பதும் நீங்கள் அறிந்ததே. 2022-ல் மே 24 அன்றே அணை திறந்தது. 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பி நாற்று விட்டால் குறுவை தள்ளிப்போய், அறுவடை ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்கிறது. ஆகவே வடிமுனைக் குழாய்க் கிணறு, அதாவது நாம் பில்ட்டர் பாயிண்ட் என்று சொல்லும் கிணறு உள்ளவர்கள், அதை வைத்து முன்கூட்டியே நாற்று விடுகிறோம். அந்தச் சில வாரங்களுக்கு நம் குறுவையின் உயிர் ஒரு 5 குதிரைத்திறன் மோட்டாரிலும், ஆறேழு குழாய் இணைப்புகளிலும் இருக்கிறது.

பாபநாசம் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு வைகாசி மாதம் நாற்றங்கால் பார்க்கப் போயிருந்தேன். இரண்டு ஏக்கர் நடவுக்காக 16 சென்டில் விட்ட நாற்று. பாதி நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. வயல்காரர் என் தந்தையின் வயதுடையவர்.

“என்னங்கய்யா, தண்ணீர் கட்டவில்லையா?” என்று கேட்டேன்.

“மோட்டார் போட்டா அஞ்சு நிமிஷம் நல்லா கொட்டுது சார். அப்புறம் இருமுது, துப்புது, நின்னுடுது. தண்ணி கீழே போயிட்டுது. புது போர் போட ஆளுக்குச் சொல்லிட்டேன். வீட்டு நகையை வச்சுத்தான் பணம் புரட்டணும்” என்றார்.

மோட்டாரை நிறுத்தி, கிணற்றுக் குழாயின் தலையில் உள்ள பிளாஞ்சைக் கழற்றி, ஒரு நூலில் இரும்பு நட்டைக் கட்டி உள்ளே விட்டோம். தண்ணீர் பம்பின் மட்டத்திலிருந்து 14 அடியில் இருந்தது. அது எட்டாத ஆழமே அல்ல. மறுபடியும் குழாயைப் பூட்டி, தண்ணீர் ஊற்றி மோட்டாரை ஓடவிட்டு, சாமி மாடத்திலிருந்த ஊதுவத்தியை ஏற்றி ஒவ்வோர் இணைப்பின் அருகிலும் காட்டினோம். பெண்ட் பைப்பின் மரைக்கு அருகே கொண்டுபோனபோது, மேலே எழும்ப வேண்டிய புகை வளைந்து இணைப்புக்குள் போயிற்று. முந்தைய ஆண்டு பைப் மாற்றியபோது, பெண்ட் பம்புக்கு நேராக நிற்கவில்லை என்று இறுக்கிய மரையைக் கால் சுற்று பின்னுக்குத் திருப்பி நேராக்கியிருக்கிறார்கள். அந்தக் கால் சுற்றில்தான் வினை.

கழற்றித் துடைத்து, புதிதாகச் சுற்றி இறுக்கினோம். அன்று மாலையே நாற்றங்கால் நனைந்தது. புது போர் தேவைப்படவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்று அவரே சிரித்தார்.

தண்ணீர் வெளியே ஒழுகும் கசிவு கண்ணுக்குத் தெரியும். காற்று உள்ளே நுழையும் கசிவு கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் நாம் பூமியைக் குறை சொல்கிறோம். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: பொருத்தும்போதே காற்றுக்கு வழி விடாதீர்கள், தண்ணீர் குறைந்தால் புது போருக்குப் பணம் கட்டுமுன் காற்றைத் தேடுங்கள்.

பம்பு தண்ணீரை இழுப்பதில்லை

சிறு வயதில் பப்பாளிக் காம்பை வைத்துத் தண்ணீர் உறிஞ்சி விளையாடாதவர் நம்மில் குறைவு. காம்பின் நடுவில் ஓர் ஊசித் துளை இருந்தால் என்ன ஆகும்? எவ்வளவு உறிஞ்சினாலும் காற்றுதான் வரும், தண்ணீர் ஏறாது. நம் பம்புசெட்டின் கதையும் அதுவே.

நாம் பம்பு தண்ணீரை இழுக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் பம்பு உறிஞ்சு குழாயில் அழுத்தத்தைக் குறைக்க மட்டுமே செய்கிறது. வெளியே உள்ள காற்றின் எடை கிணற்றுத் தண்ணீரை அழுத்தி மேலே தள்ளுகிறது. காற்றுக்கு எடை உண்டு என்பதை இத்தாலி நாட்டு அறிஞர் டாரிசெல்லி 1643-ல் பாதரசக் குழாயைக் கொண்டு காட்டினார். அந்த எடை தண்ணீரை அதிகமாகப் போனால் சுமார் 34 அடி வரைதான் தாங்கும். குழாயின் உராய்வு முதலியவற்றைக் கழித்தால், நடைமுறையில் 20 முதல் 22 அடிக்கு மேல் மேலே வைத்த பம்பை நம்பக் கூடாது.

உறிஞ்சு குழாயில் சிறு துளை இருந்தாலும் வெளிக்காற்று தண்ணீரைத் தள்ளுவதற்குப் பதில் அந்தத் துளை வழியே உள்ளே புகுந்துவிடும். பம்பின் உள்ளே சுழலும் சக்கரம் தண்ணீரை வீசத் தெரிந்தது. காற்றை வீசி வெளியேற்ற அதற்கு வலு இல்லை. எனவே கொஞ்சம் காற்று நுழைந்தால் தண்ணீர் குறைகிறது. அதிகம் நுழைந்தால் நின்றே விடுகிறது.

இழப்பு எவ்வளவு?

மூன்று மா நிலத்தில், அதாவது ஓர் ஏக்கரில், 5 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் கட்டச் சுமார் 2 லட்சம் லிட்டர் வேண்டும். உங்கள் பம்பு 200 லிட்டர் டிரம்மை 20 விநாடியில் நிரப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஏக்கருக்கு ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் ஆகும். காற்றுக் கசிவால் அதே டிரம் நிரம்ப 30 விநாடி ஆனால், எட்டேகால் மணி நேரத்திற்கு மேல் ஆகும். ஒவ்வொரு ஏக்கருக்கும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய மூன்று மணி நேரம் வீண்.

மின்சாரம் இலவசம்தானே என்று நாம் இதைப் பொருட்படுத்துவதில்லை. மின்சாரத்திற்குப் பணம் கட்டாவிட்டாலும் மும்முனை மின்சாரம் வரும் நேரத்திற்கு விலை உண்டு. குறுகிய கால நெல் இரகங்களை 18 முதல் 22 நாள் வயதில் நட வேண்டும். சேறடிக்கத் தண்ணீர் போதாமல் நடவு ஒரு வாரம் தள்ளினால் நாற்று முற்றி, தூர் கட்டுவது குறையும். அந்த இழப்பை யூரியா போட்டு ஈடு செய்ய முடியாது.

பம்புக்கு இடமும் அடித்தளமும்

பம்பைக் கிணற்றுக் குழாய்க்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வையுங்கள். உறிஞ்சு குழாய் நீள நீள இணைப்புகள் கூடும். இணைப்புகள் கூடக் கூடக் கசிவுக்கு இடம் கூடும்.

அடித்தளம் சிமெண்டுக் கான்கிரீட்டால் உறுதியாக இருக்க வேண்டும். செங்கல்லின் மேலும் மரக்கட்டையின் மேலும் நிறுத்திய மோட்டார் ஓடும்போது அதிரும். அந்த அதிர்ச்சி இன்று இறுக்கிய மரையை இரண்டு மாதத்தில் தளர்த்திவிடும். குழாயின் பாரம் பம்பின் மேல் தொங்கக் கூடாது. உறிஞ்சு குழாய்க்கும் வெளியேற்றுக் குழாய்க்கும் தனித்தனியே முட்டுக் கொடுங்கள். போல்ட்டை இறுக்கிக் குழாயை வலிந்து பம்போடு சேர்ப்பது தவறு. குழாய் தானாகவே பம்பின் வாயோடு நேராகப் பொருந்தி நிற்க வேண்டும்.

நீர்மட்டம் இறங்கிய இடங்களில் குழி வெட்டிப் பம்பைக் கீழே இறக்குவது நம் பகுதி வழக்கம். நல்ல வழிதான். ஆனால் மணல் பாங்கான இடத்தில் குழி சரியும். தனி ஆளாக இறங்காதீர்கள். சுவர் கட்டாமல் ஆழப்படுத்தாதீர்கள். குழியில் தண்ணீர் தேங்கியிருக்கும்போது மின்சாரத்தைத் துண்டிக்காமல் கால் வைக்கவே கூடாது.

உறிஞ்சு குழாய்

உறிஞ்சு குழாயின் விட்டம் பம்பின் வாயளவுக்குக் குறையக் கூடாது. குழாய் கிணற்றிலிருந்து பம்பை நோக்கிச் சீராக ஏறிவர வேண்டும். நடுவில் மேடு இருந்தால் அந்த மேட்டில் காற்று தங்கும். பெரிய குழாயைச் சிறிய வாயோடு சேர்க்கும் ரெடியூசர், மேல்பக்கம் தட்டையாகவும் கீழ்ப்பக்கம் சரிவாகவும் இருக்க வேண்டும். இதைத் தலைகீழாகப் பொருத்தினால் மேலே காற்றுப் பை உண்டாகும். பெண்டுகள் குறைவாக இருக்கட்டும். திடீரென மடங்கும் எல்போவைவிட வளைவான பெண்ட் நல்லது.

பி.வி.சி. குழாய் என்றால் கனமான வகையை வாங்குங்கள். மெல்லிய குழாய் உறிஞ்சும்போது உட்சுருங்கும். வெயிலில் கிடந்தால் நாளடைவில் நொறுங்கும். வெளியே தெரியும் பகுதியை மண்ணாலோ ஓலையாலோ மூடி வைப்பது நல்லது.

இணைப்புகளே முக்கியம்

இரும்புக் குழாயின் மரையைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, பழைய சணலையும் துருவையும் முழுவதும் நீக்குங்கள். மரை உடைந்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறிந்து புது மரை போடுவதே மேல். டெப்லான் டேப்பை, குழாயின் முனை உங்களைப் பார்த்திருக்கும்படி வைத்துக்கொண்டு, கடிகார முள் சுற்றும் திசையில் இழுத்துச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் பூட்டும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். இரண்டரை அங்குலம், மூன்று அங்குலக் குழாய்களுக்குச் சணல் நாரை மெல்லியதாகச் சுற்றி, பைப் கடையில் கிடைக்கும் இணைப்புப் பசையைத் தடவிப் பூட்டுவது இன்னும் உறுதி. முன்பெல்லாம் வெள்ளை ஈயம் தடவினார்கள். ஈயம் நஞ்சு; வயலில் வேலை செய்வோர் அந்தப் பம்புத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். ஆகவே அது வேண்டாம்.

இறுக்கிய மரையை நேராக்குவதற்காகப் பின்னுக்குத் திருப்பாதீர்கள். நேராக நிற்கவில்லை என்றால் இன்னும் சிறிது முன்னுக்கு இறுக்குங்கள். முடியாவிட்டால் கழற்றிப் புதிதாகச் சுற்றுங்கள். நான் சொன்ன பாபநாசத்துக் கதையை நினைவில் வையுங்கள்.

பி.வி.சி. இணைப்பில் முதலில் பசையில்லாமல் பொருத்திப் பார்த்து, உள்ளே போகும் ஆழத்தைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். இரு பக்கமும் துடைத்து ஈரமின்றிக் காயவைத்து, லேசாகச் சொரசொரப்பாக்கி, பசையை இரு பக்கமும் பூசுங்கள். கோடு வரை செருகிக் கால் சுற்று திருப்பி, சிறிது நேரம் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் காயவிட்ட பிறகே மோட்டாரைப் போடுங்கள். பசை ஈரமாக இருக்கும்போது மோட்டாரைப் போட்டால், உறிஞ்சும் வேகத்தில் காற்று பசையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். பிறகு அந்தத் துளை மூடாது.

பிளாஞ்சு இணைப்பில் இரு முகங்களும் சுத்தமாக இருக்க வேண்டும். ரப்பர் பேக்கிங்கில் வெட்டும் துளை குழாயின் துளையைவிடச் சிறுத்து வழியை மறைக்கக் கூடாது. பழைய சைக்கிள் டியூபை மடித்து வைப்பது ஒரு வாரத்திற்குத் தாங்கும். ஒரு போகத்திற்குத் தாங்காது. போல்ட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒரு பக்கம் முதலிலேயே இறுகினால் மறுபக்கம் வாய் பிளக்கும்.

சொட்ட வேண்டிய இடம்

பம்புசெட்டில் சொட்ட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது கிளாண்டு. தண்டு சுழலும் இடத்தில் கிராபைட் கயிறு சுற்றிய பழைய வகைப் பம்புகளில், ஓடும்போது துளித்துளியாகத் தண்ணீர் சொட்ட வேண்டும். அந்தத் தண்ணீர்தான் கயிற்றைக் குளிர்விக்கிறது. காற்று நுழையாமலும் தடுக்கிறது. ஒழுகுகிறதே என்று முழுவதும் இறுக்கினால் கயிறு கருகி, தண்டு தேய்ந்து, பிறகு அதன் வழியாகவே காற்று நுழையும். தாரையாக ஒழுகினால் சிறிது இறுக்குங்கள். அப்போதும் நிற்காவிட்டால் கயிற்றை மாற்றுங்கள். கயிறுகளின் வெட்டு முனைகள் ஒன்றன் நேராக ஒன்று வராமல் மாற்றி மாற்றி அமைய வேண்டும். மெக்கானிக்கல் சீல் உள்ள மோனோபிளாக் பம்புகளில் நிலைமை வேறு. அங்கே சொட்டக் கூடாது. சொட்டினால் சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

பண்ணைக் குட்டையிலிருந்தோ திறந்த கிணற்றிலிருந்தோ இறைப்பவர்கள் புட்வால்வு தண்ணீரின் மேல்மட்டத்திலிருந்து குறைந்தது 2 அடியாவது மூழ்கியிருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே நீர்ச்சுழி தெரிந்தால் அந்தச் சுழி வழியாகக் காற்று போகிறது என்று அறியலாம்.

மோட்டாரைப் போடுமுன் பம்பிலும் குழாயிலும் குமிழி நிற்கும் வரை தண்ணீர் நிரப்புங்கள். வெளியேற்றுக் குழாயில் வால்வு இருந்தால் அதை மூடி வைத்து ஓடவிட்டுப் பிறகு மெல்லத் திறங்கள். தண்ணீரில்லாமல் பம்பை ஓட்டாதீர்கள்.

தண்ணீர் குறைந்தால் எதை முதலில் பார்ப்பது?

முதலில் சுழலும் திசையைப் பாருங்கள். டிரான்ஸ்பார்மர் பழுது பார்த்த பிறகோ ஒயரை மாற்றிய பிறகோ தண்ணீர் குறைந்தால், மோட்டார் எதிர்த்திசையில் ஓடுகிறதா என்று பம்பின் மேல் உள்ள அம்புக்குறியோடு ஒப்பிடுங்கள். அப்படியானால் மின்பணியாளரைக் கொண்டு மூன்று முனைகளில் இரண்டை மாற்றினால் சரியாகும். அதற்குக் குழாயைக் கழற்ற வேண்டாம்.

இரண்டாவது, நூலில் நட்டைக் கட்டி நீர்மட்டத்தை அளங்கள். மோட்டாரை நிறுத்தி ஒரு மணி நேரமாவது கழித்து அளந்தால்தான் சரியான மட்டம் தெரியும். ஓடும்போது மட்டம் இன்னும் சில அடி இறங்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஓடும்போது ஊதுவத்திப் புகையைக் காட்டுங்கள். காற்று பலமாக வீசும் நாளில் புகை ஏமாற்றும். அப்போது சோப்பு நுரையை இணைப்பில் அப்புங்கள். நுரை உள்ளே இழுபட்டால் அங்கேதான் ஓட்டை. சுழலும் தண்டுக்கு அருகே வேட்டி, துண்டு, சேலைத் தலைப்பு தொங்க விடாதீர்கள்.

நான்காவது, முடிந்தால் உறிஞ்சு குழாயில் ஒரு வேக்குவம் கேஜ் பொருத்துங்கள். ஊருக்கு ஒன்று இருந்தாலும் போதும். அதில் பாதரச அளவில் 1 அங்குலம் என்பது தண்ணீரில் சுமார் 1 அடிக்குச் சற்று மேல். தண்ணீர் குறைவாக வரும்போது முள் 20 அங்குலத்துக்குப் பக்கத்தில் உயர்ந்து நின்றால் காற்று நுழையவில்லை. நீர்மட்டம் இறங்கியிருக்கிறது அல்லது வடிமுனை அடைத்திருக்கிறது. முள் ஏறவே இல்லை என்றால் காற்றுக் கசிவைத் தேடுங்கள்.

இதையும் சொல்ல வேண்டும். அதே பாபநாசத்து ஊரில், அடுத்த வயல்காரரும் எங்களை அழைத்துப்போனார். அவருடைய இணைப்புகளில் ஊதுவத்திப் புகை நேராகவே எழுந்தது. நூலை விட்டால் தண்ணீர் 24 அடியில் இருந்தது. அவருக்குக் காற்று பகை அல்ல, ஆழம்தான் பகை. டேப் சுற்றி அவரை ஏமாற்ற முடியாது. பம்பைக் குழிக்குள் இறக்க வேண்டும் அல்லது நீர்மூழ்கி மோட்டாருக்கு மாற வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். சோதனை செய்வது வேண்டாத செலவைத் தவிர்க்கவும், வேண்டிய செலவைத் தயங்காமல் செய்யவும்தான்.

இன்னொன்று. வடிமுனைக் கிணற்றில் பூமிக்குள் போகும் குழாயே உறிஞ்சு குழாயாகவும் இருப்பதால், நீர்மட்டத்துக்கு மேலே மண்ணுக்குள் உள்ள இணைப்பும் காற்றை விடலாம். நீர்மட்டம் நன்றாக இருக்கிறது, மேலே உள்ள இணைப்புகளில் ஓட்டை இல்லை, ஆனாலும் கேஜ் ஏறவில்லை என்றால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். குழாய் அகலமாக இருந்தால், உள்ளே சிறிய குழாய் ஒன்றை நீர்மட்டத்துக்குக் கீழ் வரை இறக்கி, அதன் வழியாக உறிஞ்சச் செய்யலாம். அகலம் போதாவிட்டால் முதல் இணைப்பு வரை பாதுகாப்பாகத் தோண்டிச் சரி செய்யலாம். இரண்டும் புது போரைவிடச் செலவு குறைந்தவை.

உழவர் பெருமக்களே! இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். 200 லிட்டர் டிரம் ஒன்றை வெளியேற்றுக் குழாயின் வாயில் வைத்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். நீர்மட்டம் எத்தனை அடி என்று நூல் விட்டு அளங்கள். இரண்டையும் தேதியோடு மோட்டார் கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள். மாதம் ஒரு முறை இப்படி எழுதி வந்தால், தண்ணீர் குறையும்போது குறைந்தது பூமியா, குழாயா என்று அந்தச் சுவரே சொல்லும். அடகுக் கடைக்குப் புறப்படுமுன் ஒரு முறை அந்தச் சுவரைப் பாருங்கள்.

கசிவில்லாத பம்புசெட்டால் குறித்த நாளில் நாற்று விட்டு, குறித்த வயதில் நட்டு, நல்ல மகசூல் எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.